முன்கூட்டித் தெரிந்த நாள்

நெய்வேலி
11-8-2013
கொளஞ்சியப்பர் துணை

அன்புள்ள அண்ணிக்கு விஜி எழுதுவது.

வெண்மதிக்கு முதல் ஊசி போட்டபோது வீட்டில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், வெண்மதி, எதிர் குவார்ட்டர்ஸ் கஸ்தூரியம்மாள் அக்கா. வேறு யாரையும் கூப்பிடவில்லை. அண்ணன் பக்கத்தில் இருந்திருந்தால் அவர் ஐந்தாவது ஆள்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தமானுக்கு லைன் கிடைத்தால் பாதி நேரம் "ஹலோ, ஹலோ" என்பதிலேயே போய்விடுகிறது. அதோடு இது இரண்டு அறை வீடு. நான் மெதுவாகப் பேசினால் லைனில் கேட்காது, சத்தமாகப் பேசினால் பிள்ளை காதில் விழும். அதனால் எழுதுகிறேன்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. பெண்ணாகப் பிறந்தவர்களுக்கு உடம்பில் எக்ஸ் என்று ஒரு ஜோடி இருக்குமாம். வெண்மதிக்கு அந்த ஜோடியில் ஒன்றுதான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பெண்பிள்ளைகளில் ஒருத்திக்கு இப்படி வருமாம், டர்னர் என்று பெயர். அப்பா வழியும் இல்லை, அம்மா வழியும் இல்லை, யார் செய்ததும் இல்லை என்று டாக்டரம்மா எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். புத்திக்குக் குறை கிடையாது. வளர்த்திதான் நின்றுபோகிறது. பன்னிரண்டு வயது முடிந்தும் நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர்தான் இருக்கிறாள் அல்லவா, அதற்குத்தான் இந்த வளர்ச்சி ஹார்மோன் ஊசி. தினமும் படுக்கப் போகும் முன் போட வேண்டும். சில வருஷங்கள் ஆகும்.

ஊசி பேனா மாதிரி இருக்கிறது. பின்னால் திருகினால் அளவு தெரிகிறது. மைன்ஸில் அவ்வளவு பெரிய மெஷினை ஓட்டுகிறவர், இந்தப் பேனாவை வாங்கியதும் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டார். கஸ்தூரி அக்கா முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். "துரைராஜு, நீ போய் காபி போடு. அந்தக் கை அதுக்குத்தான் லாயக்கு" என்று விரட்டிவிட்டார்.

வெண்மதி சொன்னாள்: "பெரியம்மா, இன்னிக்கு நீங்க காட்டுங்க. நாளைலேருந்து நானே போட்டுக்கறேன்."

"ஏண்டி, ரிட்டையர் ஆனப்புறம் எனக்குக் கெடைச்ச ஒரே பேஷண்ட் நீ. அதையும் பிடுங்கிக்கிறியா?"

சொன்னபடியே மறுநாள் அவளே போட்டுக்கொண்டாள். வலது தொடை ஒரு நாள், இடது தொடை ஒரு நாள். நான் காலண்டரில் குறித்து வருகிறேன். முகம் சுளித்தாள், ஆனால் கை நடுங்கவில்லை. நான்தான் கந்தர் சஷ்டிக் கவசத்தை நடுவிலேயே மறந்துபோய் முதலிலிருந்து தொடங்கினேன்.

டாக்டரம்மா இன்னும் சிலது சொன்னார். அதை எல்லாம் மெதுவாக எழுதுகிறேன்.

அண்ணன் முழங்கால் எப்படி இருக்கிறது? கொளஞ்சிநாதன் பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் எடுத்தான்? எழுதவும்.

விஜயலட்சுமி


போர்ட் பிளேர்
14-9-2013

விஜிக்கு அண்ணி செங்கமலம் எழுதிக்கிறது. உன் கடிதாசி ஓரமெல்லாம் நனைஞ்சு வந்து சேர்ந்துச்சு. எழுத்து அழியல.

உங்க அண்ணன் ரெண்டு தரம் படிச்சார். படிச்சிட்டு, "குமரவேல் மருமவ வேற எப்படி இருப்பா?"ன்னு மார நிமித்திக்கினு நின்னார். நான் சும்மா வுடுவனா? "ஏங்க, போன வருசம் ஆணி குத்தி ஊசி போட்டப்ப கட்டில் சட்டத்த புடிச்சிக்கினு கத்துனீங்களே, அந்தக் குமரவேலா?"ன்னு கேட்டேன். கோவிச்சிக்கினு கப்பல் ஜெட்டி வேலைக்குப் போயிட்டார். சாயங்காலம் திரும்பி வந்து, "அந்த ஊசி எத்தன சைஸ் இருக்கும்னு விஜிய கேளு"ங்கறார். சின்னதா பெருசா, எழுது. மனுசன் தூங்க மாட்டேங்கறார்.

உயரம் வரும் விஜி. எங்க வூட்டு வாசல்ல குனியாம நுழையற மருமவ போதும் எனக்கு, அதுக்கு இப்பவே அவ சரியாத்தான் இருக்கா!

நான் கேக்கறது வேற. நல்ல சேதி எதுனா உண்டா? என் தம்பி பொண்ணு இவளவிட சின்னவ, ஆடியில ஒக்காந்துட்டா. உங்க அண்ணன் ஒரு பெட்டி ஒதுக்கி, பச்சப் பட்டு, முத்து மாலைன்னு பாத்து பாத்து சேத்துகினு இருக்கார். தாய்மாமன் சீர்ல கொற இருக்கக் கூடாதாம். சேதி வந்த ஒடனே கெளம்ப லீவ கூட செலவு பண்றது இல்ல.

குள்ளஞ்சாவடி எங்கம்மா வூட்டுப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கார். லேகியம் குடுப்பார். சொல்லி அனுப்பியிருக்கேன், வரும். வெறும் வயித்துல நெல்லிக்கா அளவு. எள்ளுருண்டையும் உளுந்தங்களியும் வுடாம குடு.

துரைராஜ் அண்ணன கேட்டதா சொல்லு. கொளஞ்சி கம்ப்யூட்டர் குரூப்பு.

செங்கமலம்


நெய்வேலி
8-12-2013
கொளஞ்சியப்பர் துணை

அன்புள்ள அண்ணிக்கு, விஜி. இங்கே மழை விட்டுப் பனி தொடங்கிவிட்டது. எல்லாரும் சுகம்.

ஊசி முனை அரிசியைவிடக் கொஞ்சம்தான் நீளம் என்று அண்ணனிடம் சொல்லித் தூங்கச் சொல்லுங்கள்.

வெண்மதி நூற்று இருபத்தொன்று. கதவு நிலையில் கோடு போட்டு அவர் அளந்தார். நம்பாமல் டேப்பை மாற்றி அளந்தார். பிறகு கஸ்தூரி அக்கா வீட்டு டேப்பில் அளந்தார். முன்னே வருஷம் முழுக்க வளர்ந்ததை நாலு மாதத்தில் வளர்ந்திருக்கிறாள்.

பள்ளிக்கூடப் பிரேயரில் உயர வரிசை உண்டல்லவா? ஒன்றாம் வகுப்பிலிருந்து வெண்மதிதான் முதலில் நிற்பாள். இந்த மாதம் பி.டி. டீச்சர் அவளை இரண்டாவதாக நிறுத்தினாராம். வீட்டுக்கு ஓடி வந்து, "அம்மா, எனக்கு முன்னாடி ஒரு தலை தெரியுது! இத்தனை வருஷம் ஹெட்மாஸ்டர் செருப்பைத்தான் பாத்துட்டு நின்னேன்" என்றாள். அதே மூச்சில், "முன்னாடி வந்த பொண்ணு அழுதுச்சும்மா. ஓரமா நின்னா வெயில் படாதுன்னு இடம் காட்டிக் குடுத்தேன்" என்றாள். இந்தப் பிள்ளைக்கு இதை எல்லாம் யார் சொல்லித் தந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை அண்ணி.

ஊசி மருந்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வெளியூரில் கரண்ட் இல்லாமல் ஜனங்கள் படும் பாட்டைக் கேட்டால், டவுன்ஷிப்பில் இருப்பதற்கு சாமிக்கு ஒரு சூடம் கூடுதலாகக் கொளுத்தத் தோன்றுகிறது.

லேகியம் வந்து சேர்ந்தது. கூட வந்த எள்ளுருண்டை அன்றைக்கே தீர்ந்தது, உங்கள் துரைராஜ் அண்ணனும் அதில் உள்கை. லேகியத்தை மட்டும் இன்னும் திறக்கவில்லை. ஊசி நடக்கும்போது வேறு மருந்து சேர்க்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். தப்பாக நினைக்க வேண்டாம்.

கொளஞ்சிநாதனுக்கு ஆசி. முழங்காலுக்குப் புளி இலை வேகவைத்து ஒத்தடம் கொடுக்கச் சொல்லவும்.

விஜயலட்சுமி


போர்ட் பிளேர்
9-2-2014

விஜிக்கு அண்ணி.

எல்லாரும் சௌக்கியம். லேகியம் எங்க அம்மா நேர்ல போய் ஒக்காந்து கிண்ட வச்சி வாங்கினது. வெசம் இல்ல.

நான் ரெண்டு பக்கம் எழுதினதுல ஒண்ணு கேட்டிருந்தேன். நீ நாலு பக்கம் எழுதி அதுக்கு மட்டும் பதில் எழுதல. ஊசி, டேப்பு, பிரேயரு, சூடம் எல்லாம் இருக்குது. உங்க அண்ணன் கவனிக்கல. நான் கவனிச்சேன்.

இங்க ஒருத்தர், அந்த ஊசி போட்டா கொழந்த கொழந்தயாவே நின்னுடும்னு சொல்றார். அப்படியா? எங்களுக்கு வளர்த்தி ஒரு பொருட்டில்ல விஜி. அவளத் தொட்டில்ல போட்டப்ப உங்க அண்ணன் சபையில சொன்ன வார்த்த சொன்னதுதான். குட்டையோ நெட்டையோ, கொளஞ்சிக்கு அவதான். அதுக்காவ கேக்கறேன்.

செங்கமலம்


நெய்வேலி
20-3-2014
கொளஞ்சியப்பர் துணை

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஊசியால் குழந்தையாக நின்றுவிட மாட்டாள். அது வெறும் பேச்சு.

போன வாரம் ஒரு கூத்து. ஊர்ப்பக்கமிருந்து யாராவது வேறு மாதிரிச் சொல்லும் முன் நானே எழுதிவிடுகிறேன்.

வெண்மதிக்கு ஜுரம். அவருக்கு ஒட்டிக்கொண்டால் ஷிப்ட் கெடும் என்று, பின் அறையில் தனிப் பாய், தனித் தட்டு, தனித் தம்ளர் வைத்தேன். பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. நான் செய்தது அவ்வளவுதான். அடுத்த வரிசை சாமியம்மாள் மோர் கேட்டு வந்தவள் அந்தத் தட்டையும் பாயையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சிரித்துக்கொண்டே போனாள். மோரையும் மறந்துவிட்டாள்.

சாயங்காலம் வாசலில் பெண்கள் கூட்டம். நம் பக்கத்தவர்கள் புட்டும் நல்லெண்ணெயும், இசக்கிமுத்து சார் வீட்டம்மா திருநெல்வேலி வழக்கப்படி உளுந்தங்களியும் கருப்பட்டியும், ஒருத்தர் வளையல், ஒருத்தர் மஞ்சளும் பூவும். "சொல்லவே இல்லியே விஜி! நாங்க என்ன வேத்தாளா?" என்று சாமியம்மாள் என் கன்னத்தைக் கிள்ளுகிறாள். "மாமனுக்குச் சொல்லி அனுப்பிச்சாச்சா? அந்தமான்லேருந்து வரணுமே!" என்கிறார் இன்னொருவர். இல்லை என்றால் ஏன் இல்லை என்பார்கள்.

அப்போது வெண்மதி போர்வையைப் போர்த்திக்கொண்டு, மூக்கு சிவக்க வெளியே வந்தாள். எல்லாரையும் வரிசையாகப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, எனக்கு ஜலதோஷ ஜுரம். நீங்க நெனைச்சுட்டு வந்தது இன்னும் வரலை. தட்டெல்லாம் தூக்கிட்டு இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, புட்டையும் களியையும் மட்டும் வச்சுட்டுப் போங்க. வளையல் அடுத்த தடவை வாங்கிக்கறேன்."

எல்லாரும் கையில் இருந்த தட்டைப் பார்த்தார்கள். பிறகு இசக்கிமுத்து சார் வீட்டம்மா சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. சாமியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏ கள்ளி, உன் வாய்க்கு ஒரு வளையல் பத்தாதுடி" என்றார்கள். எல்லாருக்கும் காபி போட்டேன். நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு சாமி விளக்குக்கு எண்ணெய் ஊற்றினேன், விளக்கு நிறைந்து வழிந்தது.

உங்கள் கேள்விக்கு விவரமாக எழுதுகிறேன். எழுதாமல் விடமாட்டேன்.

விஜயலட்சுமி


போர்ட் பிளேர்
22-3-2014

அன்புத் தங்கச்சி விஜிக்கு, அண்ணன் குமரவேல்.

நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை, உனக்கே தெரியும். நேற்றிலிருந்து லைன் போட்டுப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. அதுதான் பேனாவை எடுத்துவிட்டேன்.

ஊருக்கு லீவில் போன நம்ம காடாம்புலியூர் வைத்திலிங்கம் நேற்று கப்பலில் இறங்கினான். இறங்கினதும் என்னைக் கட்டிப் பிடித்து, "டேய், மாமனாகிட்டியேடா!" என்றான். டவுன்ஷிப்பில் அவன் சித்தி சொன்னாளாம். ஏம்மா, ஊருக்கெல்லாம் தெரிகிறது, எனக்கு வைத்திலிங்கம் வந்து சொல்லணுமா? கோபம் இல்லை. கோபப்பட நேரம் இல்லை.

ஜெட்டியில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன். இஞ்சினியர் வங்காளி, என்ன விசேஷம் என்றார். எப்படி விளக்குவது? "மை நீஸ், பிக் கேர்ள்" என்றேன். அவரும் கை கொடுத்தார். சித்திரையில் ஒரு மாசம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். தாய்மாமன் குடிசைக்கு ஓலை பின்னக் கை மறந்துபோச்சோ என்று நேற்று இரண்டு மட்டை பின்னிப் பார்த்தேன், வருகிறது. உங்கண்ணி சிரிக்கிறாள்.

என் மருமகளிடம் சொல்லு, மாமன் பட்டோடு வருகிறேன் என்று. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு.

குமரவேல்


நெய்வேலி
20-4-2014
கொளஞ்சியப்பர் துணை

அண்ணனுக்கும் அண்ணிக்கும் விஜி நமஸ்காரம்.

லைன் கிடைத்து, "இல்லை அண்ணா, அது வெறும் ஜுரம்" என்று நான் சொன்னபோது அண்ணன் "ஓ" என்றார். அதற்குப் பிறகு லைன் நன்றாகவே இருந்தது, ஆனால் இரண்டு பேரும் பேசவில்லை. அண்ணன் லட்டு கொடுத்த கடிதம் அதற்கடுத்த வாரம்தான் வந்தது. படித்த பிறகு இனி மெதுவாக எழுதுகிறேன் என்று சொல்ல எனக்கு முகம் இல்லை.

டாக்டரம்மா முதல் நாளே சொன்னது இதுதான். அந்த ஒரு எக்ஸ் இல்லாததால் வெண்மதியின் கருப்பை சின்னதாக இருக்கிறது, சினைப்பை வேலை செய்யவில்லை. தானாக வயதுக்கு வர மாட்டாள். களியாலும் லேகியத்தாலும் வராது. அதற்கென்று ஒரு ஹார்மோன் மாத்திரை இருக்கிறது. தொடங்கினால் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய பெண்ணாகும், இரண்டு வருஷம் போல ஆகும், மாதவிலக்கும் வரும். ஆனால் தானாகக் கருத்தரிப்பது அனேகமாக இல்லை.

எழுதிவிட்டேன்.

இன்னும் ஒன்று, இந்த மாதம் புதுச்சேரி போனபோது சொன்னது. அந்த மாத்திரை எலும்பின் வளர்ச்சியை மூடத் தொடங்கும். இப்போதே தொடங்கினால் ஊசியால் வர வேண்டிய உயரத்தில் கொஞ்சம் போகும். ஒரு வருஷம் தள்ளிப் போட்டால் உயரம் கூடும், ஆனால் கூடப் படிக்கிற பெண்கள் எல்லாம் வளர்ந்து நிற்க இவள் மட்டும் இப்படியே இருப்பாள். "நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். அண்ணி கேட்ட கேள்வியும் அண்ணன் சேர்த்த பெட்டியும் என் கண்ணில் நின்றன. இப்போதே தொடங்கிவிடலாம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

டாக்டரம்மா என்னைப் பார்க்காமல் வெண்மதியைப் பார்த்து, "உனக்கு என்ன தோணுது?" என்றார். சின்ன வயதுதான் அந்த டாக்டருக்கு. பிள்ளையிடம் பேசும்போது நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வார்.

"டாக்டர், எனக்குக் குழந்தை பொறக்காதா?" என்று கேட்டாள் வெண்மதி.

நான் அவளிடம் சொன்னதே இல்லை அண்ணி. எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் படித்துத் தானே கணக்குப் போட்டிருக்கிறாள்.

"தானா வர்றது கஷ்டம்மா. அம்மா ஆகறதுக்கு வேற வழிகள் இருக்கு. நீ பெரியவளானதும் அதைப் பத்தி முழுசா பேசலாம்" என்றார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

வெண்மதி கொஞ்ச நேரம் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப மாத்திரை எப்ப போட்டாலும் அது ஒண்ணுதான். உயரம்தான் இப்ப விட்டா வராது. எனக்கு உயரம் மொதல்ல வேணும் டாக்டர். பஸ்ல கம்பி எட்டணும். கெமிஸ்ட்ரி லேப்ல ஸ்டூல் போடாம நிக்கணும்" என்றாள்.

டாக்டரம்மா எழுந்து அவளுக்குக் கை கொடுத்தார்.

திரும்பும்போது நெய்வேலியில் இறங்காமல் விருத்தாசலம் வரை போய், கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனோம். பிராது கட்டலாம் என்று எண்ணம். நமக்கு அநியாயம் செய்தவர் மேல் புகார் எழுதிக் கட்டினால் சாமி விசாரிப்பார் என்பது உங்களுக்குத் தெரியுமே. தாள் வாங்கி, பேர், ஊர், விலாசம் எல்லாம் எழுதினேன். வெண்மதி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "யார் மேலம்மா பிராது?" என்றாள்.

எனக்கு எழுத ஒரு பேர் கிடைக்கவில்லை. "எம் மேலயா?" என்று கேட்டாள், சிரித்துக்கொண்டுதான். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அர்ச்சனை மட்டும் செய்து வந்தோம்.

அண்ணா, தொட்டில் சபையில் நீங்கள் சொன்ன வார்த்தையை உங்களிடமே திருப்பித் தருகிறேன். கொளஞ்சிநாதனுக்கு நல்ல இடமாகப் பாருங்கள். எனக்கு மனக்குறை இல்லை. நீங்கள் அவளுக்கு மாமன் என்பது மட்டும் பாக்கி இருக்கிறதா என்று தெரிந்தால் போதும்.

விஜயலட்சுமி


நெய்வேலி
17-8-2014

அன்புள்ள அண்ணி, அண்ணா,

என் ஏப்ரல் கடிதம் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். போனில் கொளஞ்சிநாதன்தான் எடுக்கிறான், நீங்கள் வெளியே போயிருப்பதாகச் சொல்கிறான். நல்ல பிள்ளை, பொய் சொல்லும்போது குரல் இறங்கிவிடுகிறது. அவனைத் திட்ட வேண்டாம்.

ஊசி நடக்கிறது. அவள் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

விஜி


போர்ட் பிளேர்
23-11-2014

விஜிக்கு அண்ணி செங்கமலம்.

எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாமலே இத்தன மாசம் ஓடிப்போச்சு. கோவம்னு நெனச்சிக்காத. மொதல்ல கோவம்தான் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். போன வருசமே சொல்லியிருந்தா நான் லேகியத்துக்கு அலஞ்சிருக்க மாட்டனேன்னு. அப்புறம் நானே ரோசன பண்ணேன். நான் கேட்ட கேள்விக்கு என்ன பதில் எழுதினாலும் அது எம் மேல வந்து விழும்னுதான் நீ எழுதல. கேள்விய அப்படிக் கேட்டவ நான்.

உங்க அண்ணன் உன் கடிதாசிய என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பாதியில எழுந்து ஜெட்டிக்குப் போயிட்டார். திரும்பி வந்து மீதிய தானே படிச்சார். பின்னி வச்ச ஓலைய மாட்டுக்குப் போட்டுட்டார். பெட்டிய மட்டும் தொடல. நான் நகத்தப் போனா, "இருக்கட்டும்"ங்கறார். எதுக்கு இருக்கட்டும்னு எனக்கும் தெரியல, அவருக்கும் தெரியல.

கொளஞ்சி சங்கதி. வார்த்தய திருப்பித் தரேன்னு எழுதிட்ட. வாங்கிக்கினேன்னு எழுத எனக்குக் கை வரல. வாங்கிக்கலன்னு எழுதவும் வரல விஜி. ஒரே புள்ள எனக்கு. நான் பெரிய மனசுக்காரி இல்ல. அவன் படிக்கட்டும், அவளும் படிக்கட்டும். அந்தப் பேச்ச இப்ப எடுக்க வேணாம். இத நேராச் சொன்னதுக்கு என்ன வெறுத்துடாத.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த டாக்டர் முன்னாடி ஒம் பொண்ணு பேசினத நான் இங்க பக்கத்து வூட்டுக்காரிங்க நாலு பேருக்குச் சொல்லிட்டேன். என்னால அடக்க முடியல. எனக்கு நாப்பத்திரெண்டு வயசு, இன்னும் டாக்டர் முன்னாடி வாயத் தொறந்தா "ஒண்ணுமில்ல டாக்டர்"தான் வருது. அவ கேட்டா பாரு! லேகியத்தத் தூக்கிப் போட்டுடு. எங்கம்மா கிட்ட தீந்துடுச்சின்னு சொல்லிக்கிறேன்.

கீழ உங்க அண்ணன் ஏதோ எழுதணும்னு பேனாவ கேக்கறார்.

செங்கமலம்

விஜி, ஊசியை விடாதே. இப்போ எவ்வளவு உயரம், எழுது. குமரவேல்


நெய்வேலி
18-1-2015
கொளஞ்சியப்பர் துணை

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும் விஜி எழுதுவது.

நூற்று முப்பது. பொங்கலன்று காலையில் அளந்தது. அண்ணனுக்கு முதலில் இதைப் படித்துக் காட்டவும்.

அண்ணி, உங்களை நான் வெறுப்பேனா? நேராக எழுதினீர்களே, அந்தக் கடிதத்தைப் படித்த அன்றுதான் எனக்குத் தொண்டையில் சோறு இறங்கியது. உங்கள் இடத்தில் இருந்தால் நான் இந்த அளவுக்கு உண்மையாக எழுதியிருப்பேனா என்று தெரியவில்லை. கொளஞ்சிநாதன் பேச்சு இத்தோடு இருக்கட்டும்.

பள்ளிக்கூட விஷயம் கேளுங்கள். பிரேயர் வரிசையில் இப்போது ஆறாவது. இந்த ஒரு வருஷத்தில் வகுப்பில் பெண்கள் எல்லாம் வேறு ஆட்களாகிவிட்டார்கள், இவள் மட்டும் பழைய உடம்போடு நடுவில் நிற்கிறாள். ஒரு பெண் கேட்டுவிட்டாளாம், "நீ எப்பத்தான்டி பெரியவளாவ?" என்று. இவள், "மொதல்ல நெடுக்க, அப்புறம் குறுக்க" என்றாளாம். வந்து என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்குச் சோறு மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்கு வலி இல்லை என்று நினைக்காதீர்கள். தெரிந்துதான் தாங்குகிறாள்.

போன வாரம் புதுச்சேரி போய் வந்தோம். கை எலும்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். பள்ளி லீவில் மாத்திரை தொடங்கிவிடலாம், ஊசியும் கூடவே கொஞ்ச காலம் நடக்கும் என்றார் டாக்டரம்மா. நாள் நாங்களே பார்த்துக்கொள்ளலாமாம். பஞ்சாங்கம் பார்த்தேன். மே மாதம் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

மஞ்சள் நீராட்டு என்ன செய்வது என்று அவரும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு வருஷம் கழித்து மாத்திரையால் வரும்போது பத்திரிகை அடித்து ஊரைக் கூட்டுவதா, ஒன்றும் செய்யாமல் விடுவதா? வெண்மதி புத்தகத்தை மூடிவிட்டு வந்தாள்.

"அப்ப எதுவும் வேணாம்மா. அது மாத்திரை செய்யற வேலை. நான் முடிவு பண்ணி ஆரம்பிக்கற நாள்தான் என் நாள். அன்னிக்கு மாமாவும் அத்தையும் வரட்டும். மொதல் மாத்திரையை மாமா கையால குடுக்கட்டும்."

"பட்டு கொண்டு வந்தா கட்டிப்பியாடி?" என்றார் அவர்.

"கட்டிக்கிறேன். பிளவுஸ் டிசைன் மட்டும் நான் சொல்றதுதான். மாமா செலக்ட் பண்ணா காலர் வச்சுடுவார்."

இதற்கு மேல் அழகாக எழுதி உங்களை அழைக்கலாம் என்று நான்கைந்து வரி எழுதி வைத்திருந்தேன். வெண்மதி வாங்கிப் படித்துவிட்டு, "எதுக்கும்மா மாமாவை அழ வைக்கறே? நேரா கேளு" என்று அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதனால் நேராகக் கேட்கிறேன்.

சேதி எப்போது வரும் என்று தெரியாமல் அண்ணன் வருஷக் கணக்கில் லீவைக் கட்டிக் காத்தார். இப்போது நாளே தெரிகிறது. வீட்டில் இருக்கப் போவது நாங்கள் மூன்று பேர், கஸ்தூரி அக்கா, நீங்கள் மூன்று பேர். வேறு யாரையும் கூப்பிடப் போவதில்லை.

கப்பலுக்கு முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும். வர முடியாது என்றாலும் பரவாயில்லை, அவளிடம் நான் அதை முன்னாலேயே சொல்ல வேண்டும். இந்த முறை மாதக் கணக்கில் விட வேண்டாம்.

வருகிறீர்களா இல்லையா என்று சீக்கிரம் பதில் எழுதவும்.

விஜயலட்சுமி